அடக்கம் போதும், அளவை எழுது!

தம்பி!

சென்ற ஞாயிறு மாலை நமது படிப்பகத்தில் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர்த் தோழர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். கொடிக்கம்பம் நட்ட கை, நள்ளிரவில் சுவரொட்டி ஒட்டிய கை. அந்தக் கை அன்று ஒரு பிளாஸ்டிக் உறையைத் தயங்கித் தயங்கி நீட்டிற்று.

"பையன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சிருக்கான் தோழர். ஒரு வருஷம் அப்ரண்டிஸும் ஆச்சு. பதினாலு இடத்துல பயோடேட்டா குடுத்தோம். ஒருத்தரும் கூப்பிடல. அடுத்த மாசத்தோட எனக்கு ஓய்வு."

வாங்கிப் படித்தேன். திடுக்கிட்டேன்! தந்தை பெயர் என்ற இடத்தில் யாரோ ஒருவருடைய தந்தை அமர்ந்திருந்தார்! தெருமுனை ஜெராக்ஸ் கடையிலே, முன்னே வந்துபோன எவனுடைய தாளையோ எடுத்து, தலையில் பெயரை மட்டும் மாற்றித் தந்துவிட்டார்கள். முப்பது ரூபாய்க் கூலியில் பெற்ற தகப்பனே மாறிப்போனார்! பொழுதுபோக்கு, கிரிக்கெட் என்றிருந்தது. "ஆடுவாயா?" என்றேன். "கபடிதாண்ணே" என்றான்.

மதம் இருந்தது. சாதி இருந்தது. தந்தையின் தொழில் இருந்தது. எந்த வேலை தந்தாலும் பணிவுடன் செய்வேன் என்ற வாக்குறுதி இருந்தது. அவனுக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் அந்த இரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை!

சாதிக்கு அங்கே என்ன வேலை, தம்பி? அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கிறாயா, கேட்ட கட்டத்தில் கேட்டபடி எழுது. அது 1921-ஆம் ஆண்டு வகுப்புவாரி ஆணையிலிருந்து போராடிப் பெற்ற உரிமை, அதிலே கூச்சம் கூடாது. தனியார் கம்பெனியிலோ அந்த ஒதுக்கீடு கிடையாது. அங்கே சாதியை எழுதுவது, உன்னை ஒதுக்க நினைப்பவனுக்கு நீயே வழி காட்டுவதாகும். மிகையாகச் சொல்கிறேனா? சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, வெவ்வேறு பெயர்கள். நாளேட்டு விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் போயின. சாதிப் பட்டம் சுமந்த மேல்சாதிப் பெயருக்கு வந்த அழைப்பு, தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அந்த அளவில் வரவில்லை! 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது. பெயரில் வெட்டியதைத் தாளில் ஒட்டலாமா?

பையனை உட்கார வைத்துக் கேட்டேன். "அப்ரண்டிஸில் என்ன செய்தாய்?"

"சும்மா ஹெல்பர் வேலைண்ணே."

"சும்மா என்று ஒரு வேலை கிடையாது. காலையில் போனதும் கையில் எதை எடுப்பாய்?"

மெல்ல மெல்ல வந்தது. பம்பு பாகங்களை அளந்து பார்ப்பானாம். வெர்னியர், மைக்ரோமீட்டர் இரண்டும் பழக்கமாம். ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது பாகம். ஒருநாள் துளையின் அளவு கூடிக்கொண்டே போவதைக் கண்டு, மேஸ்திரியிடம் சொல்லி எந்திரத்தை நிறுத்த வைத்தானாம்.

"இதை ஏனப்பா எழுதவில்லை?"

"இதெல்லாம் எழுதலாமாண்ணே?"

தம்பி, அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது! 'அடியேன்' என்று கும்பிட்டுக் கும்பிட்டு வளைந்த முதுகு தாத்தாவோடு போயிற்று என்று நினைத்தோம். பேரன் எழுதும் தாளிலே வந்து குனிந்து நிற்கிறது! மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிடிக்கத் தெரிந்தவன், பணிவைத் தகுதி என்று எழுதுகிறான். கைத்திறனைத் தற்பெருமை என்று மறைக்கிறான்!

எழுதச் சொன்னேன். ஒரே பக்கம். மேலே பெயர், இப்போது கையிலிருக்கும் கைப்பேசி எண். அடுத்து, கடைசியாகச் செய்த வேலை முதலில். எந்தக் கருவி, எத்தனை பாகம், எதைக் கண்டுபிடித்தாய் என்பது எண்ணோடு. பிறகு படிப்பு. விளம்பரத்தில் என்ன சொல் இருக்கிறதோ, உனக்கு அந்த வேலை தெரியுமானால் அதே சொல்லைப் போடு. பெரிய கம்பெனிகள் பலவற்றில் மனிதன் பார்க்குமுன் கணினிதான் சொல்லைத் தேடிச் சலிக்கிறது. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் எழுது, ஆனால் உனக்குப் புரிந்த ஆங்கிலத்தில். நேர்காணலில் ஒவ்வொரு சொல்லுக்கும் நீதானே பதில் சொல்லவேண்டும், ஜெராக்ஸ் கடைக்காரரா வருவார்?

"சி.என்.சி.யும் போட்டுக்கவாண்ணே?" என்றான். ஓட்டினாயா என்றேன். பக்கத்தில் நின்று பார்த்தானாம். பார்த்தது வேறு, ஓட்டியது வேறு. எந்திரத்தின் முன் நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். விட்டுவிட்டான். அம்மா நோயுற்றபோது எட்டு மாதம் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினானாம், அதைச் சேர்த்தோம். வெற்றிடமாக விட்டால் சும்மா இருந்தான் என்றல்லவா எண்ணுவார்கள்!

படிப்பகம் மூடும் நேரம். புதுத்தாளைத் தோழர் வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

"என் பேரே இல்லியே, தோழர்?"

"இனிஷியலில் இருக்கிறீர்கள்" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒற்றை எழுத்தைத் தேடிப் பிடித்தார். சிரித்தார். பதினைந்தாவது கம்பெனியின் முகவரியைப் பையனிடம் கேட்டார்.