துகள் தாரையும் வாய்க்கால் கணக்கும்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியின் நீர் எட்டு அணைக்கட்டுகளின் வழியே கால்வாய்களாகவும் கிளை வாய்க்கால்களாகவும் பிரிந்து வயல்களை அடைகின்றது. சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாயினுள் புகும் ஒரு துளி எவ்வயலைச் சேரும் என்று எவராலும் கூற இயலாது. ஆயின், கால்வாயில் பாயும் நீரின் மொத்த அளவை நாம் கணக்கிட்டுவிடலாம். அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராயும் அறிஞர்களுக்கும் இத்தகையதொரு நிலையே ஏற்பட்டது.

தாரை என்பது யாது?

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மிகுந்த ஆற்றலுடன் மோதி அழியுங்கால், குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் தோன்றி எதிரெதிர்த் திசைகளில் விரைவதுண்டு. குவார்க் தனித்து வெளிப்படுவதில்லை. அது குளுவான் என்னும் துகளை உமிழும். அக்குளுவான் மேலும் கிளைக்கும். முடிவில், ஏறத்தாழ ஒரே திசையில் செல்லும் பல துகள்களின் கற்றையே கருவிகளில் பதிகின்றது. இதனையே தாரை என்கிறோம். இரு தாரைகளுக்கான சான்று 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிடைத்தது. குளுவானால் எழும் மூன்றாம் தாரை 1979ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காணப்பட்டது.

கணக்கில் நேர்ந்த இடர்

உமிழப்படும் குளுவானின் ஆற்றல் மிகக் குறைந்தாலும், அது தாய்த் துகளை ஒட்டியே சென்றாலும், கணக்கில் முடிவிலி தோன்றிவிடும். 1977ஆம் ஆண்டு ஸ்டெர்மன், வைன்பெர்க் ஆகிய இருவரும் வினாவையே மாற்றியமைத்தனர். துகள்களை எண்ணாமல், குறித்த கூம்புகளுக்குள் ஏறக்குறைய முழு ஆற்றலும் அடங்குவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டனர். வாய்க்கால் அருகருகே இரண்டாகப் பிரிந்து ஓடினும், சிறு கசிவு உண்டாயினும், பாயும் நீரின் அளவு பெரிதும் மாறுவதில்லை அன்றோ? அவ்வாறே, நுண்ணிய கிளைப்புகளால் மாறாத அளவைக் கேட்கும்போது முடிவிலிகள் ஒன்றையொன்று நீக்கிவிட, திட்டமான விடை கிடைக்கின்றது.

ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவில் அமைந்துள்ள மோதற்பொறியிலும் இக்கணக்கு இன்றியமையாதது. அறிந்த தாரையின் அமைப்பைச் சரிவரக் கணித்தால்தான் அறியாத புதுத் துகளின் தடத்தை வேறு பிரித்துக் காண முடியும்.

தமிழகத்தின் பங்கு

கிளைத்துப் பெருகும் துகள்களைக் கணித்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. காஸ்மிக் கதிர் காற்றில் மோதி எழுப்பும் துகள் பொழிவை பாபாவும் ஹைட்லரும் 1937ஆம் ஆண்டு விளக்கினர். அத்தகைய பொழிவில் துகள்களின் எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைக் கணிக்க உதவும் முறையொன்றை, சென்னையைச் சேர்ந்த அல்லாடி இராமகிருஷ்ணன் 1950ஆம் ஆண்டு வெளியிட்டார். அவரே 1962ஆம் ஆண்டு சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

மோதற்பொறியை நெல்லைச் சீமையில் நிறுவுதல் அரிது. ஆயின், அதன் தாரைகளுக்கான கணக்கைக் கற்கத் தேவையானவை கணித அறிவும் தாளும் எழுதுகோலுமே. பெரும் அறிவியல் பிறருக்கு உரியது என்று நம் மாணவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டுவதில்லை. இயற்பியல் பயில்வோர் இத்துறையை நாடுக. ஆசிரியர்களும் பெரியோர்களும் அவர்களுக்குத் துணை நிற்பார்களாக!