உரையில்லாத் தொகை, காரணமில்லா உரை

இலக்கியம் பயிலத் தொடங்குவோர் எந்தத் தொகை நூலை முதலில் எடுக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டமோ விலையோ தீர்மானிப்பதைவிட, தொகுத்தவர் பாடல்களை எந்த ஒழுங்கில் வைத்தார் என்பதும், உரைகாரர் தம் பொருள்கோளுக்கு என்ன காரணம் காட்டினார் என்பதும் தீர்மானிப்பதே முறை. எட்டுத்தொகையில் குறுந்தொகையும் நற்றிணையும் அகநானூறும் பெரும்பாலும் அடியளவால் பிரிக்கப்பட்டவை. அகநானூற்றிலோ ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலை, 4 என முடிவன முல்லை, 6 என முடிவன மருதம் என எண்ணே திணையைக் காட்டிவிடுகிறது. திணை என்பது நிலம், பொழுது, ஒழுக்கம் ஆகிய மூன்றும் இயைந்த பாகுபாடு.

காவிரிப் படுகையின் மாணவர் ஐங்குறுநூற்றிலிருந்து தொடங்குவது நன்று. திணைக்கு நூறாக ஐந்து புலவர்கள் பாடிய அந்நூலில் ஓரம்போகியாரின் மருதம் முதலில் நிற்கிறது. வயல் நண்டைப் பாடும் களவன் பத்தும், எருமைப் பத்தும் அதில் உள்ளன. அப்பாடல்களில் உள்ளுறை, அதாவது நிலத்தின் உயிர்களையும் பயிர்களையும் சொல்லி மாந்தர் செயலைக் குறிப்பால் உணர்த்தும் முறை, வயலும் வாய்க்காலும் அறிந்தவருக்கு விரைவில் பிடிபடும்.

அடுத்து வேண்டியது வழிகாட்டும் உரை. திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையுடன் 1915-இல் வெளிவந்த நற்றிணைப் பதிப்பு, பாடலின் துறைக்கு, அதாவது யார் எச்சூழலில் பேசுகிறார் என்ற குறிப்புக்கு, உரிய தொல்காப்பிய விதியைச் சுட்டிவிட்டுப் பொருள் கூறி, இறுதியில் மெய்ப்பாட்டையும் பயனையும் தருகிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவது. கவிதையையும் கவிதையியலையும் ஒரே பக்கத்தில் கற்பிக்கும் இத்தகைய நூல் கையிலிருக்க, திறனாய்வுக்கெனத் தனிக் கையேடு தேடுவது தொடக்கத்தில் தேவையே இல்லை.

1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகை, வேறொரு பயிற்சியைத் தருகிறது. சுவடிக்குச் சுவடி மாறும் பாடங்களைக் காட்டும் பிரதிபேதமும், பிற நூல்களின் இணையான இடங்களைத் தரும் ஒப்புமைப் பகுதியும் அதில் இருப்பதால், அச்சில் உள்ளதே முடிந்த முடிபு என்ற மயக்கம் நீங்குகிறது. அகநானூற்றுக்கு நடுக்காவேரி ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் கரந்தை ரா. வேங்கடாசலம் பிள்ளையும் சேர்ந்து எழுதிய உரை உண்டு. இவற்றைப் பயின்றபின், தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் உவமவியலையும் பேராசிரியர் என்னும் பழைய உரைகாரரின் உரையோடு படித்தால் விதிகள் வறண்டு தோன்றா.

தேர்வுக்கென விற்கும் நோட்ஸ் பொழிப்புரையை மட்டும் கொடுத்து, அப்பொருள் எவ்வாறு பெறப்பட்டது என்பதை மறைத்துவிடுகிறது. வாங்குமுன் ஏதேனும் ஒரு பாடலின் உரையைப் புரட்டிப் பாருங்கள். காரணம் சொல்லாத உரையாயின், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்க வேண்டாம்.