சட்டம் வேண்டாம், சட்டம் போட்டவர் வேண்டும்

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2024 நவம்பர் 5 அன்று நடந்த தேர்தல், வெளியிலிருந்து பார்ப்பவரைக் குழப்பும். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்க்கலாமா என்று வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி இருந்தது. ஏறக்குறைய 52 சதவீதம் பேர் சேர்க்கலாம் என்றார்கள். அதே மக்கள், கருக்கலைப்பை எதிர்க்கும் குடியரசுக் கட்சி செனட்டர் ஜோஷ் ஹாலியை நல்ல வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். கருக்கலைப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்த அவருடைய கட்சிக்கே சட்டமன்றத்தில் மீண்டும் பெரும்பான்மையும் தந்தார்கள்.

இதை மக்களின் குழப்பம் என்று ஒதுக்குவது தவறு. வேட்பாளருக்குப் போடும் ஓட்டில் வரி, துப்பாக்கி, குடியேற்றம், விலைவாசி, வழிவழியாக வந்த கட்சிப் பற்று எல்லாம் கலந்திருக்கின்றன. நேரடி வாக்கெடுப்பில் கருக்கலைப்பு மட்டும் தனியாக நிற்கிறது. நாடு முழுவதும் கருக்கலைப்பு உரிமையை உறுதி செய்த 1973-இன் ரோ-வேட் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்தபின், கன்சாஸ், கென்டக்கி, ஒஹையோ போன்ற குடியரசுக் கட்சிக் கோட்டைகளிலேயே வாக்கெடுப்பில் உரிமைத் தரப்பு வென்றது. (தெற்கு டகோட்டாவில் தோற்றது.) ஆனால் 2019-இல் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஒஹையோ ஆளுநர் மைக் டிவைன், 2022-இல் சுமார் 62 சதவீத ஓட்டுடன் மறுபடி பதவிக்கு வந்தார். டெக்சாஸின் கிரெக் அபட்டும் ஜார்ஜியாவின் பிரையன் கெம்பும் அப்படியே. அந்த இரு மாநிலங்களிலும் மக்களே கையெழுத்துத் திரட்டி மாநில அளவில் வாக்கெடுப்பு கோரும் வழி கிடையாது; எனவே தடையை மட்டும் தனியாக மறுக்கும் வாய்ப்பும் அங்கே அவர்களுக்கு இல்லை.

சட்டமன்ற உறுப்பினர் உண்மையில் அஞ்சுவது நவம்பர் தேர்தலுக்கு அல்ல, அதற்கு முன் நடக்கும் பிரைமரிக்கு. கட்சி வேட்பாளர் யார் என்று மக்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. பாதுகாப்பான தொகுதியில் பிரைமரியில் வென்றாலே பதவி உறுதி. அதில் ஓட்டுப்போட வருபவர்களோ குறைவு. வருபவர்களில் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் அதிகம். கருவும் உயிர்தான், அதைக் காக்க வேண்டும் என்று மனமார நம்பும் புரோ-லைஃப் வாக்காளர்களின் பலம் இங்கேதான் தெரியும்.

தெற்கு கரோலினாவில் 2023-இல், ஏறக்குறைய முழுத் தடை கோரிய மசோதாவை ஐந்து பெண் செனட்டர்கள் கட்சி கடந்து சேர்ந்து தடுத்தார்கள். அவர்களில் மூவர் குடியரசுக் கட்சியினர்: சாண்டி சென், பென்ரி குஸ்டாஃப்சன், கட்ரீனா ஷீலி. துணிச்சலுக்காக அதிபர் கென்னடி பெயரிலான விருது ஐவருக்கும் கிடைத்தது. 2024 ஜூன் பிரைமரியில் மூவருமே தோற்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் செனட்டில் இருந்த ஷீலிகூடத் தப்பவில்லை. மற்ற உறுப்பினர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையா?

ஆகவே, வாக்கெடுப்பில் தோற்றாலும் தடையை ஆதரிக்கும் உறுப்பினர் பின்வாங்குவதில்லை. மிசோரியில் மக்கள் சேர்த்த அந்த உரிமையை நீக்கும் திருத்தத்தை, அதே மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் 2025 மே மாதத்தில் நிறைவேற்றி, மறுபடி வாக்கெடுப்புக்கு அனுப்பியது.