திருத்தகமும் ஒரு பள்ளிக்கூடமே

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் வழங்கப்படமாட்டாது என்ற அறிவித்தல் வெளிவந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வேளையில், வீடுகளின் கோடிப்புறங்களிலே துருவேறிக் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தூசி தட்டினோம், எண்ணெய் விட்டோம், காற்றும் அடித்தோம். ஆனால், மாலையில் அடித்த காற்று மறுநாட் காலையில் நிற்கவில்லை. எரிபொருளுக்காக ஒரு வரிசையில் நின்ற நாம், ரியூபுக்கு ஒட்டுப் போடுவதற்காக இன்னொரு வரிசையிலும் நின்றோம்.

அந்நாட்களில் என் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து பிந்தியே வந்தான். பௌதிகவியலில் வல்லவன், உராய்வைப் பற்றியும் விசையின் திருப்பத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவன். காரணம் கேட்டபோது, “செயின் கழன்று கழன்று விழுகுது, சேர். கடையிலே மூன்று நாள் செல்லுமாம்” என்றான். நானும் அவனும் வண்டியருகே சென்று குனிந்து பார்த்தோம். சங்கிலி தளர்ந்திருப்பது இருவருக்கும் தெரிந்தது. என்ன செய்வதென்பது இருவருக்கும் தெரியவில்லை. பாடசாலை வாயிலைக் காக்கும் முதியவர் ஒரு ஸ்பனருடன் வந்தார். பின்சக்கரத்தின் இரு பக்கத்து நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை அரை அங்குலம் பின்னுக்கு இழுத்து, நேர் பார்த்து, மீண்டும் இறுக்கினார். ஐந்து நிமிடங்களில் வேலை முடிந்தது. பட்டதாரி ஆசிரியனும் பௌதிகவியல் மாணவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று எழுந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம் எனலாம்.

கைவிட்டுப் போன அறிவு

இவ்வறிவு நம்மவருக்குப் புதியதன்று. 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் எரிபொருளுமின்றி யாழ்ப்பாணம் தவித்த காலத்தில், குடாநாட்டின் போக்குவரத்தைத் தாங்கியது துவிச்சக்கர வண்டியே. நோயாளியும் நெல்மூட்டையும் விறகுக் கட்டும் அதன் மீதே சென்றன. வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. அத்தலைமுறையினர் வீட்டிலேயே ஒட்டுப் போட்டனர். அச்சைக் கழற்றிக் கிறீஸ் இட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது, அறிவு நின்றுவிட்டது. ஒரு தலைமுறைக்குள் இழந்ததை ஒரு தலைமுறைக்குள் மீட்கலாம் என்பதே என் எண்ணம். அதற்கு வழி, தனி வீடுகளை நம்பியிராது ஊரே கூடி நடத்தும் ஒரு திருத்தகம்.

பொஸ்டன் நகரத்து முன்மாதிரி

இத்தகைய திருத்தகங்கள் உலகிற் பல உள. அவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டில், கார்ள் கேர்ட்ஸ் என்ற துவிச்சக்கர வண்டித் தொழிலாளரும் மைக்கேல் ரிப்ளோகில் என்ற போக்குவரத்துத் திட்டமிடல் அறிஞரும் சேர்ந்து ‘பைக்ஸ் நொட் பொம்ப்ஸ்’ என்ற இயக்கத்தை அமெரிக்காவிலே தோற்றுவித்தனர். ‘குண்டுகள் வேண்டா, துவிச்சக்கர வண்டிகள் வேண்டும்’ என்பது அப்பெயரின் கருத்து. அக்காலத்தில் நிக்கராகுவா நாட்டு அரசுக்கெதிராகப் போரிட்டோருக்கு அமெரிக்க அரசு துணை நின்றது. அதை விரும்பாத அமெரிக்கக் குடிமக்கள், தம் ஊர்களில் வீணே கிடந்த பழைய வண்டிகளைச் சேகரித்து, அந்நாட்டு ஆசிரியருக்கும் சுகாதார ஊழியருக்கும் பயன்படுமாறு அனுப்பினர்.

பொஸ்டனிலே நிலைகொண்ட இவ்வியக்கம், 1990ஆம் ஆண்டளவில் தன் நகரத்துப் பிள்ளைகளின் பக்கமும் திரும்பியது. ‘உழைத்து ஒரு வண்டியைப் பெறு’ என்பது அதன் திட்டம். சிறுவனோ சிறுமியோ பழைய வண்டியொன்றைத் தேர்ந்து, ஆசிரியரின் வழிகாட்டலிலே அதனைத் திருத்தி, பாதுகாப்பாக ஓட்டவும் பழகி, இறுதியில் அவ்வண்டியையே தன்னதாகப் பெற்றுச் செல்லலாம். பணம் கொடுக்கவேண்டியதில்லை, உழைப்பே விலை. பிச்சையாகப் பெற்ற பொருளுக்கும் உழைத்துப் பெற்ற பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அப்பிள்ளைகள் நன்குணர்ந்திருப்பர்.

அவர்கள் அனுப்பிய வண்டிகள் சென்று சேர்ந்த இடங்களிலும் தொழில் வளர்ந்தது. குவாத்தமாலா நாட்டில் 1997இல் தோன்றிய ‘மாயா பெடல்’ என்ற நிறுவனம், பழைய வண்டிகளின் உறுப்புகளைக்கொண்டு, மிதித்து இயக்கும் நீரிறைக்கும் பொறிகளையும் சோளம் அரைக்கும் பொறிகளையும் செய்தது. டைனமோவால் வானொலி கேட்ட நமக்கு இது வியப்பாயிராது; உறவாகவே தோன்றும்.

இவ்வழியிலே வேறு பல முயற்சிகளும் எழுந்தன. லண்டனில் 1983இல் பிறிக்ஸ்ரன் பகுதியிலே தொழிலாளரே உடைமையாளராக உள்ள துவிச்சக்கர வண்டிக் கடை தோன்றியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஒரு குடியிருப்பின் சமையலறையில் ஆரம்பமானமையால் ‘வண்டிச் சமையலறை’ என்றே பெயர்பெற்றது ஒரு திருத்தகம். அப்பெயரைப் பின்னர் வேறு நாட்டினரும் ஏற்றுக்கொண்டனர். பிரான்ஸ் தேசத்துத் திருத்தகங்கள் 2010இல் தமக்கென ஒரு கூட்டமைப்பையே அமைத்தன.

நடத்தும் முறை

இவற்றை நடத்தும் முறையிற் பொதுவான சில ஒழுங்குகள் காணப்படுகின்றன. முதலாவது, கருவிப் பலகை. சுவரில் ஒரு பலகையை அறைந்து, ஒவ்வொரு ஸ்பனரும் திருப்புளியும் தொங்கும் இடத்திலே அதனதன் உருவத்தை நிறத்தாலே தீட்டிவிடுவர். மாலையில் கதவை மூடும்போது, எந்த உருவம் வெறுமையாக உள்ளதோ அந்தக் கருவி திரும்பவில்லை என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். காவலாளி வேண்டியதில்லை, வாய்த்தர்க்கமும் இல்லை.

இரண்டாவது, பழைய வண்டிகளைத் தரம் பிரித்தல். நன்கொடையாக வருவன எல்லாம் ஓடக்கூடியனவல்ல. சட்டம் வெடித்ததையும் வளைந்ததையும் ஓட்டத்துக்கு விடலாகாது. அவற்றின் நல்ல உறுப்புகளைக் கழற்றித் தனித்தனிப் பெட்டிகளில் இடுவர். இதனைச் செய்யாத திருத்தகம் சில மாதங்களிலேயே பழைய இரும்புக் கிடங்காக மாறிவிடும்.

மூன்றாவது, வருமானம். திருத்திய வண்டிகள் சிலவற்றை விற்பர். உறுப்புகளுக்குச் சிறு விலை பெறுவர். வசதியுள்ளோரிடம் இடவாடகை போன்றதொரு தொகையை வாங்குவர். அப்பணம் பிள்ளைகளின் வகுப்புக்கும் கருவிகளுக்கும் செல்லும்.

நான்காவது, இறுதிச் சோதனை. யார் திருத்தியதாயினும், அனுபவமுள்ள ஒருவர் பிரேக், சக்கர நட்டு, கைபிடி ஆகிய மூன்றையும் பார்த்துக் கையொப்பமிடாமல் வண்டி வெளியே செல்லலாகாது. அன்பின் பேரிலே இவ்விதியைத் தளர்த்துவது, பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

கை கட்டி நிற்கும் ஆசான்

இவை யாவற்றினும் கடினமான விதி ஒன்றுண்டு. கற்பிப்பவர், கற்பவரின் கையிலுள்ள கருவியைப் பறிக்கலாகாது. இதனை நான் அனுபவத்தால் அறிந்தேன். வாயிற்காவல் முதியவரிடம் ஒட்டுப் போடப் பழகிய பின், அதே மாணவனுக்குக் கற்பிக்க முற்பட்டேன். துளையைத் தண்ணீரில் அமிழ்த்திக் கண்டுபிடித்தான், அரத்தாளால் உரோஞ்சினான், சொலூஷனைப் பூசியவுடன் ஒட்டை வைக்க விரைந்தான். ‘பொறு, காயட்டும்’ என்று சொல்லி விட்டிருக்கலாம். நானோ ரியூபை வாங்கி நானே ஒட்டிக் கொடுத்தேன். ஒரு வாரத்தின் பின், மீண்டும் காற்றுப் போன சக்கரத்துடன் என்னிடமே வந்தான். ரயரின் உட்புறத்தே முதல் முள் அப்படியே குத்தி நின்றது. முள்ளைத் தேடவேண்டும் என்பதை அவன் கற்கவில்லை; நான் கற்பிக்கவுமில்லை. இரண்டாம் முறை கைகளை முதுகுப்புறம் கட்டிக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம் சென்றது. ஆனால் மூன்றாம் முறை அவன் வரவில்லை.

வகுப்பறைப் பாடங்களும் இங்கு உயிர் பெறுகின்றன. சங்கிலியின் முள்ளுக்கு முள் இடைவெளி அரை அங்குலம். ஆகவே 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அளந்தபோது 12 அங்குலத்தைவிட எட்டிலொரு அங்குலம் கூடியிருந்தால், சங்கிலி தேய்ந்துவிட்டது. இனியும் விட்டால் பற்சக்கரத்தையும் தின்றுவிடும். பின்னம் எதற்குப் பயன் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா? முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 22 பற்களும் இருப்பின், ஒரு மிதி சுற்றுக்குச் சக்கரம் இரு முறை சுழலும். 28 அங்குலச் சக்கரத்தின் பரிதி ஏறக்குறைய 88 அங்குலம். அப்படியானால் ஒரு மிதி சுற்றில் எத்தனை அடி செல்வோம்? பிள்ளைகளே கணக்கிட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலான நட்டுகள் இடஞ்சுழியாகத் திருப்பக் கழல்கையில், இடப்பக்கத்துப் பெடல் வலஞ்சுழியாகத் திருப்பினாற்றான் கழலும். மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடாதிருக்கும் பொருட்டு அதன் மரையை மாறி வெட்டியுள்ளனர். ஆகாய விமானத்தை 1903இல் பறக்கவிட்ட ரைட் சகோதரர், அதற்கு முன்னர் டேட்டன் நகரிலே துவிச்சக்கர வண்டிக் கடை நடத்தியவர்கள் என்பதையும் மாணவர் நினைவிற்கொள்வது நன்று.

எழக்கூடிய இடர்கள்

இத்தகைய திருத்தகமொன்றை நம் ஊரிலே தொடங்கினால், முதலில் எழும் கேள்வி, சந்தியிலே சைக்கிள் கடை வைத்திருப்பவரின் பிழைப்பு என்னாவது என்பதே. இது நியாயமான கேள்வி. ஊருக்கு நன்மை செய்யப் புறப்பட்டு, ஊரின் ஏழைத் தொழிலாளி ஒருவரின் உலையை அவித்தல் கூட்டுறவாகாது. ஆகவே அவரையே முதல் அங்கத்தவராகவும், ஊதியம் பெறும் ஆசானாகவும் அழைத்தல் வேண்டும். சக்கரத்தின் கோட்டம் எடுத்தல், சட்டம் ஒட்டுதல் முதலிய பெருவேலைகள் அவருக்கே உரியன. ஒட்டுப் போடுதலும் சங்கிலி இறுக்குதலும் ஊரவர் கற்கவேண்டியன. அவரது கையறிவுக்கு ஊரிலே மதிப்பும் இதனால் உயரும்.

இரண்டாவது இடர், பெண்பிள்ளைகள் பற்றியது. நம் மாணவியர் பலர் துவிச்சக்கர வண்டியிலேயே பாடசாலைக்குச் செல்கின்றனர். ஆயினும் காற்றுப் போனால் அண்ணனையோ அப்பாவையோ எதிர்பார்த்து நிற்கின்றனர். பிறநாட்டுத் திருத்தகங்கள் பல, பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கியுள்ளன. ஆண்பிள்ளைகள் முந்திக்கொண்டு ஸ்பனரைப் பறிக்காத வேளையிலேதான் அவர்கள் கை துணிந்து பழகும். நாமும் அவ்வாறே செய்தல் நலம்.

மூன்றாவது, சோர்வு. தொடக்கத்தில் இருபது பேர் வருவர். ஆறு மாதத்தின் பின் இருவர் எஞ்சுவர். வாரம் ஏழு நாளும் திறக்க எண்ணாமல், சனிக்கிழமை மாலை மூன்று மணித்தியாலம் தவறாது திறப்போம் என்று உறுதி கொள்ளும் சங்கமே நிலைக்கும்.

கல்விக்கென ஒரு பங்கு

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலே 28 பேர் கூடி, மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர். இன்றைய கூட்டுறவு இயக்கம் அவர்களையே முன்னோடிகளாகப் போற்றுகின்றது. இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அவர்கள் கல்விக்கென ஒதுக்கி, வாசிகசாலையும் நூல்நிலையமும் நடத்தினர். 1995இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவதும் கல்வியே. நம் நாட்டிற் கூட்டுறவுச் சட்டம் 1911இலேயே வந்தது. 1930களில் மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலையை எழுப்பிய பெருமையும் யாழ்ப்பாணத்தார்க்கு உண்டு. வைத்தியசாலையையே கூடி நடத்திய மக்களுக்கு ஒரு திருத்தகம் பாரமாகுமா?

வேண்டுவன சிலவே: சனசமூக நிலையத்தின் பின்புறத்தே ஒரு சாய்ப்பு; ஒரு தொகுதி ஸ்பனர்; ஒரு வாளி தண்ணீர்; வரவு செலவு எழுத ஒரு கொப்பி; கற்பிக்க ஒரு முதிய கை. எத்தனை வண்டி திருத்தினோம் என்று கணக்கெழுதுவதோடு, எத்தனை பேர் அதே குறைக்காக மீண்டும் வராதுவிட்டனர் என்றும் எழுதுவோமாக. இன்னொரு பஞ்சம் வரும்வரை காத்திராது, கைகளைப் பழக்குவோம். அறிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை.