கல்லின் வழியே எண்ணெய்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிற் புகுந்து தங்க, அதனையே நாம் கிணற்றில் அள்ளுகின்றோம். நீருக்கு வழிவிடும் அப்பாறை எண்ணெய்க்கும் வழிவிடும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோலக் கிடப்பதென்று மாணவர் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. பழங்கடலின் அடியிற் படிந்த நுண்ணுயிர்களின் எச்சம், படைமேற் படையாக மண் மூட, ஆழத்து வெப்பத்தாற் பல மில்லியன் ஆண்டுகளில் எண்ணெயும் வாயுவுமாகின்றது. மேலுள்ள பாரம் அதனைப் பிழிந்து, மணற்கல், சுண்ணாம்புக்கல் என்பவற்றின் நுண்டுளைகளுட் செலுத்தும். நீரினும் இலேசானதாகலின், அத்துளைகளில் நிற்கும் நீரை விலக்கி அது மேலேறும். களிமண் இறுகிய படை எதிர்ப்படின் அதன்கீழ்த் தேங்கும். பாறை முறிந்து இடம்பெயர்ந்த பிளவோ இருதன்மையுடையது. திறந்திருப்பின் ஏணியாகும், அரைபட்ட களியால் அடைபட்டிருப்பின் அணையாகும். மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் துளையிட்டோர் கண்ட இயற்கை வாயு, கடலடிப் பாறைகளில் இங்ஙனம் தேங்கிக் கிடந்ததே.

இனி, நம் கிணற்றடிக்கு வருவோம். புத்தூரை அடுத்த நிலாவரையில் மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் நிற்றலை யாவரும் அறிவர். நன்னீர் உவர்நீரின்மேல் நிற்பதுபோல, எண்ணெய் நன்னீரின்மேல் மிதக்கும். நிலத்திற் சிந்திய எண்ணெய் மண்ணைக் கடந்து, வெடிப்புவழியே இறங்கி, நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேற் பரவும். மாரியில் நீர்மட்டம் ஏறக் கோடையில் இறங்க, எண்ணெயும் உடன் ஏறியிறங்கிப் பாறைத் துளைகளிற் பற்றிக்கொள்ளும். மிதப்பதை இறைத்து அகற்றலாம்; கல்லிற் பற்றியதை அகற்றல் அரிது. மணல் நீரை வடிகட்டுவதுபோல வெடிப்புற்ற கல் வடிகட்டுவதுமில்லை.

இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. சுன்னாகத்து அனல் மின்னிலையச் சூழலிற் கிணற்று நீர் மாசுற்றமை பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரலிலே, பாதிப்புற்ற குடிகளுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. பணம் பெறலாம், தூய நீரூற்றை எவ்வாறு பெறுவது?

மாணவர்காள், நீரிறைக்கும் இயந்திரத்தின் கழிவெண்ணெயைத் தோட்டத்து மூலையில் ஊற்றுதல் இன்றும் நிகழ்கின்றது. ஒருவர் வளவில் ஊற்றியது அயலவர் கிணற்றிலும் எழக்கூடும். வேலி நிலத்தின்மேலன்றிக் கல்லினுள் இல்லை என்பதை வீட்டாருக்கும் எடுத்துரைப்பீராக.