சிவப்புத் துணி கட்டிய வீடுகள்

2019 டிசம்பர் 5. பசிபிக் கடலில் இருக்கும் சமோவா என்ற தீவு நாட்டில் அன்று கடைகள் திறக்கவில்லை. அன்றும் மறுநாளும் மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. பல வீடுகளின் முன்னால் மட்டும் ஒரு சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. 'எங்கள் வீட்டில் தடுப்பூசி போடாதவர் இருக்கிறார், வாருங்கள்' என்று அதற்கு அர்த்தம்.

அந்த நாட்டைப் பிடித்திருந்தது தட்டம்மை. நம் பாட்டிகள் மணல்வாரி என்பார்கள். மணலை வாரி இறைத்த மாதிரி உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்து தடிக்கும். இதை உண்டாக்குவது ஒரு வைரஸ். நோயாளி இருமிவிட்டு அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அது அங்கே காற்றில் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேரைப் பிடித்துவிடும்.

சமோவாவின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம்தான். அதில் 83 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் 5 வயதுகூட நிரம்பாத பிள்ளைகள். எழுதும்போதே மனசு கனக்கிறது.

ஏன் சின்னப் பிள்ளைகள்? குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அம்மா தன் எதிர்ப்புப் பொருளை நஞ்சுக்கொடி வழியாகக் கொடுத்து அனுப்புகிறாள். பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி அது. சில மாதங்களில் தீர்ந்துவிடும். சரி, பிறந்ததுமே ஊசி போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த வைரஸ். அம்மா கொடுத்த எதிர்ப்புப் பொருள் மிச்சம் இருந்தால், அந்த வைரஸையும் அதுவே அடக்கிவிடும். குழந்தையின் உடம்பு சொந்தமாகப் போராடப் பழகாது. அதனால்தான் இந்தியாவில் முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும். நோய் பரவும் காலத்தில் 6 மாதத்திலேயே கூடுதலாக ஒன்று போடுவார்கள். சமோவாவிலும் அப்படித்தான் செய்தார்கள்.

அங்கே நோய் இவ்வளவு பரவியதற்கு ஒரு சோகமான காரணம் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசி ஒரு குட்டிப் புட்டியில் காய்ந்த தூளாக வரும். அதற்கென்றே தரும் நீரில் கலந்துதான் போட வேண்டும். 2018இல் அந்த நீருக்குப் பதிலாக வேறு மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். 2 குழந்தைகள் இறந்தன. பிழை ஊசியில் இல்லை, கலந்ததில்தான். ஆனால் பெற்றோர் பயந்துபோனார்கள். ஊசி போடுவதும் பல மாதங்கள் நின்றுபோனது. அப்படி ஊசி போடாத பிள்ளைகள் நிறையச் சேர்ந்திருந்தபோதுதான் வைரஸ் நுழைந்தது.

6 மாதம் ஆகாத பச்சைக் குழந்தைக்கு என்ன வழி? அதைத் தூக்கும் அம்மா, கொஞ்சும் அக்கா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும் ஊசி போட்டிருந்தால் வைரஸ் தொட்டில் வரை வர வழியே இருக்காது. அதற்கு ஊரில் 100க்கு 95 பேராவது போட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் அந்த 2 நாட்களும் குழுக்கள் சிவப்புத் துணியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக இறங்கின. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் ஊசி போட்டார்கள். டிசம்பர் முடிவதற்குள் ஊசி போட வேண்டியவர்களில் 100க்குச் சுமார் 95 பேருக்குப் போட்டாகிவிட்டது. நோய் அடங்கியது. மூடிக் கிடந்த பள்ளிகள் புது வருடத்தில் திறந்தன.