மேல்தொட்டி நிறைஞ்சுதா?

2012-ல் கோவை கணபதியில், ஒரு லேத் பட்டறைக்குப் பின்வீட்டில் குடியிருந்தோம். கரண்ட் வந்துவிட்டதா என்று ஸ்விட்சைப் போட்டுப் பார்த்ததே இல்லை. பட்டறைச் சத்தமே சொல்லிவிடும். நடுராத்திரி ரெண்டு மணிக்கு லேத் ஓடத் தொடங்கினால், அம்மா எழுந்து ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போடுவார். அப்பா தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் போடப் போவார். எதிர்மாடியிலிருந்து, "ஏனுங்க்கா, உங்க பக்கமும் வந்துருச்சுங்களா?" என்று குரல் வரும். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

அந்த வருஷம் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியதும் உண்டு. ஆடிக்காற்று அடித்தவரை உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் ஓரளவு தாங்கின. ஐப்பசி பிறந்து காற்று நின்றதும் நிலைமை கைமீறியது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத சின்னப் பட்டறைகள் ஷட்டரை இறக்கின.

பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு மில்களாகப் பெருகிய ஊர் கோவை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்த ஊர். பம்புசெட்டும் வெட் கிரைண்டரும் இங்கிருந்துதான் நாடெங்கும் போகின்றன. மோட்டாரால் பிழைத்த ஊருக்குத்தான் மோட்டார் ஓடும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தூங்க வேண்டி வந்தது.

அப்போது வீடுகளுக்குள் வந்தது 'யூபிஎஸ்'. இன்வெர்ட்டரை இங்கே அப்படித்தான் சொல்வோம். மாடிப்படிக்கு அடியில் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, அதைத் தூக்க ரெண்டு ஆள். மாதாமாதம் மூடியைத் திறந்து பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. விலை குறைந்த யூபிஎஸ் என்றால் ஃபேன் 'கொர்ர்' என்று முனகும். அது தரும் மின்சாரம் சீரான அலையாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி இருப்பதுதான் காரணம். அந்தப் பேட்டரி முழுதாக ஏறப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி விட்டு ஒரு மணி போகும் கரண்டில் அது எப்போது நிறையும்? அரைவயிற்றோடே ஓடி, சீக்கிரமே செத்தது.

2015-க்குப் பிறகு மின்வெட்டு என்ற சொல் பேச்சில் அரிதாகிவிட்டது. இப்போது இருப்பது மின்தடை. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று முதல் நாளே பேப்பரில் ஊர்ப்பெயர்களோடு வரும்: காலை 9 முதல் மாலை 4 வரை 'ஷட்டவுன்'. அது போக, கோடையிலும் ஆடியிலும் தென்னை மட்டை கம்பியில் விழும் நாட்கள். தடை குறைந்தது, ஆனால் வீட்டுக்குள் அலுவலகம் வந்துவிட்டது. சரவணம்பட்டியிலும் காளப்பட்டியிலும் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு, வைஃபை நின்றால் அன்றைக்குச் சம்பளமே நின்ற மாதிரி. யூபிஎஸ்ஸுக்காகச் சுவரைத் துளைக்க ஓனர் விடமாட்டார். அவர்கள் கை போவது போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் பக்கம். பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அடங்கிய சூட்கேஸ் அளவுப் பெட்டி. வீடு மாறினால் கையோடு போகும்.

கடையில் பெட்டியின் முகப்பில் பெரிதாக வாட் போட்டிருப்பார்கள். ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பது அது. எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்வது வாட்-மணி. ஆயிரம் வாட்-மணிப் பெட்டியில் மாற்றும்போது ஆகும் சேதாரம் போகக் கைக்குக் கிடைப்பது சுமார் 850. ஒரு ஷட்டவுன் நாளுக்குக் கணக்குப் போடுவோம். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஏழு மணி நேரத்துக்கு 210. வைஃபை 70. 60 வாட் இழுக்கும் லேப்டாப் 420. அரை மணி நேரம் கிரைண்டர், 75. மொத்தம் 775. தாங்கும். அதே வீட்டில் பழைய 75 வாட் ஃபேன் சுற்றினால் அதற்கு மட்டுமே 525, மொத்தம் 1,090. நாலு மணிக்கு முன்பே பெட்டி படுத்துவிடும். அப்போது பெரிய பெட்டி தேடுவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு.

உள்ளே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியா, வெளியே வருவது 'ப்யூர் சைன்வேவ்' மின்சாரமா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த வகைப் பேட்டரி ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கத் தாங்கும், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. கரண்ட் போன கணத்தில் வைஃபை அணைந்துவிடாமல் இருக்க, தானாக மாறும் வசதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ரெண்டு பக்கமும் பின் வைத்த வயரால் பெட்டியைச் சுவர்ப் பிளக்கில் செருகி, வீடு முழுக்க எரியவைப்பது. மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பப் போகும். ஷட்டவுன் நாளில் அந்தக் கம்பியில் லைன்மேன் கை வைத்திருப்பார்.

இத்தனை செய்யும் பெட்டியும் ஒரு இடத்தில் தோற்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே சுமார் ஆயிரம் வாட் கேட்கும்; கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பெட்டி 'ஓவர்லோடு' என்று காட்டி அணைந்துவிடும். போர்வெல் மோட்டாருக்கு இது ஆகாது.

அதனால் ஷட்டவுன் நாளில் எங்கள் தெரு இன்றும் பழைய தெருதான். எட்டரை மணிக்கு வீட்டுக்கு வீடு மோட்டார் சத்தம். அறையில் மகன் பெட்டியின் திரையில் நூறு சதவீதம் காட்டுகிறதா என்று பார்க்கிறான். அப்பா மாடியில் நின்று தொட்டியை எட்டிப் பார்க்கிறார். எதிர்வீட்டு அக்கா கீழிருந்து கத்துகிறார்: "ஏனுங்க, தண்ணி வழியுது பாருங்க, மோட்டார நிறுத்துங்க!"